நான் எரித்த உறைகள்

ஆடி, ஆவணி மாதங்களில் என் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். லண்டன், கனடா, சுவிஸ். அரைக்காற்சட்டையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து படலையில் நிற்பார்கள். வன்னியில் விசுவமடு என்கிற ஊரில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற ஒருவனிடம் பழைய சின்னத் தட்டுகள் இருக்கின்றன என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சின்னத் தட்டு என்று நாங்கள் சொல்வது, பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சிறிய இசைத்தட்டை. நான் எடுத்துப் போடுவேன். பாட்டுத் தொடங்க முதல் ஊசி கரகரக்கும். அந்தக் கரகரப்புக்கே சிலருக்குக் கண் கலங்கிவிடும். "அண்ணை, இந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்பார்கள்.

கரகரப்பு என்பது ஊத்தை. தட்டின் கோடுகளுக்குள் இறுகிய தூசி. அதை நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. எனக்கும் அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. நடுவில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, இது எந்தக் காலத்துத் தட்டு, எங்கே அடித்தது, ஏன் இது இனிக் கிடைக்காது என்று விளங்கப்படுத்துவேன். நாள் முழுக்கப் பம்புக்கு வாசர் மாற்றுகிறவன் அந்த ஒரு மணித்தியாலம் பேராசிரியர் ஆகிவிடுவான்.

இப்போது யாருக்கும் போடுவதில்லை. கேட்டால் ஊசி தேய்ந்துவிட்டது என்று சொல்கிறேன். ஊசி நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தத் தட்டுகள் என்னுடையவை அல்ல.

எண்பதுகளில் தண்ணீரூற்று என்கிற ஊரின் சந்தியில் ஓர் ஒலிபெருக்கிக் கடை இருந்தது. முதலாளி ஒரு முஸ்லிம். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா. கல்யாணம், சாமத்தியவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா எதுவென்றாலும் நானா வந்து மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால்தான் அது விசேஷம். நான் பக்கத்துப் பம்ப் கடையில் சம்பளத்துக்கு நின்றேன். இருபது வயது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவருடைய கடையில்தான் கிடப்பேன்.

பெரிய தட்டுகளும் அவரிடம் இருந்தன. சனம் கேட்டது சின்னத் தட்டுகளைத்தான். கொழும்பில் அடித்த பொப் பாட்டுகள், கையடித்து ஆடுகிற பாட்டுகள். நானா ஒரு கையால் முடிந்த தட்டைத் தூக்கி மறு கையால் அடுத்ததை வைப்பார். சில தட்டுகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், பிளேயரில் சரியாக நிற்காது. பழைய பம்ப் ஒன்றின் பித்தளையில் அந்த ஓட்டைக்கு அளவாக ஒரு வில்லை கடைந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மூன்று நான்கு ஒலிபெருக்கிக்காரர் ஒரே வளவில் நிற்பார்கள். தட்டுகள் ஆளுக்காள் மாறிப்போகும், இரவல் போனது திரும்பாது. அதனால் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டக் கடதாசியில் ஓர் அடையாளம் வைப்பார்கள். ஒருவர் பச்சை மையால் கோடு போடுவார். இன்னொருவர் ஆணியால் நட்சத்திரம் கீறுவார். நானா நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸால் பொட்டு வைப்பார். மனைவியின் போத்தல், செம்மஞ்சள் நிறம், ஓட்டைக்கு வலப்பக்கம், மிளகளவு. பிறகு கடதாசி உறையில் ரப்பர் முத்திரை குத்துவார். மேல் வரியில் கடையின் பெயர், நடுவில் அவர் பெயர், கீழ் வரியில் வீதியும் தண்ணீரூற்றும். ஊதா மை. புதுத் தட்டு வந்தால் பாட்டைக் கேட்க முதலே இந்த இரண்டு வேலையும் முடிந்துவிட வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் நானா சாப்பிடப் போன நேரம் நான் ஊசியை வைக்கிறேன் என்று வெளிக்கிட்டேன். கை தடுமாறி என் மோதிரம் தட்டில் இழுபட்டது. அன்றிலிருந்து அந்தப் பாட்டு இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லில் நின்றுவிடும். அந்தச் சொல்லை மூன்று தரம் சொல்லிவிட்டுத் தானே தாண்டிப் போகும்.

"உனக்கு மோதிரம் போட்டவளைச் சொல்லோணும்" என்று நானா ஏசினார்.

"அம்மாதான் போட்டவா, நானா."

"அப்ப அவாவையும் கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேருக்கும் சேத்து ஏசுறன்."

அவர் அந்தத் தட்டை எறிந்திருப்பார். சனம் விடவில்லை. அந்த இடம் வந்தால் பந்தலில் இருக்கிற எல்லோரும் அந்தச் சொல்லை மூன்று தரம் கத்துவார்கள். பந்தியில் சோறு போடுகிறவர்கள் கூட வாளியோடு நின்று கத்துவார்கள். அதற்கு விக்கல் பாட்டு என்று பெயர் வந்துவிட்டது. "நானா, விக்கலைப் போடுங்கோ" என்று கேட்டுப் போடுவித்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம் ஆட்களைப் போகச் சொன்னார்கள். சொன்னது எங்கள் இயக்கப் பெடியள்தான். வேறு யாரையோ சாட்டி எழுத எனக்கு வராது. நாங்கள் வீதியோரம் நின்று பார்த்தோம். சிலர் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அதோடு எங்கள் வீரம் முடிந்தது. நானா தோளில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாகப் போனார். என்னைக் கண்டதும் நின்றார்.

"கடையை ஒருக்காப் பாத்துக்கொள் தம்பி."

நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் போய்ப் பார்த்தேன். பூட்டு உடைந்து கிடந்தது. குழாய்களும் ஜெனரேற்றரும் பெரிய தட்டுகளும் போய்விட்டன. மேசைக்குக் கீழே சின்னத் தட்டுப் பெட்டியும் ஒரு பழைய பிளேயரும் இருந்தன. இரண்டையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு விசுவமடுவுக்கு மிதித்தேன். பத்திரமாக வைத்திருந்து கொடுக்கத்தான் எடுத்தேன் என்று பல வருடம் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

பிறகு சமாதான காலம் வந்து பாதை திறந்தது. புத்தளத்திலிருந்து நானா காணியைப் பார்க்க வந்தார். நான் அன்று பம்ப் ஒன்றுக்குச் சாமான் எடுக்கத் தண்ணீரூற்றுக்குப் போயிருந்தேன். சந்தியில் அவருடைய முதுகைக் கண்டேன். கடை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனேன். சாமானும் எடுக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தவன் செய்கிற வேலையா அது?

கடைசிச் சண்டை கிட்ட வந்தபோது வளவில் கிடங்கு வெட்டினேன். மற்றவர்கள் தையல் மெஷினையும் தண்ணீர்ப் பம்பையும் புதைத்தார்கள். நான் ஒரு பிளாஸ்ரிக் பரலுக்குள் உமியைக் கொட்டி, தட்டுகளை உறையோடு நிமிர்த்தி அடுக்கி, மூடியைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிப் புதைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே பிளேயரையும் புதைத்தேன். மனைவி தன் கல்யாணச் சேலையை வைக்கக் கேட்டாள். இடமில்லை என்றேன்.

செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து கிண்டியபோது பரல் அப்படியே இருந்தது. வீட்டில் ஒரு சுவர் மிச்சமில்லை, மாமரம் இல்லை, கிணற்றுக்குள் செத்த மாடு. தட்டுகள் ஒன்றும் வளையவில்லை. உறைகளில் கொஞ்சம் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஊதா முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியது போல வாசிக்கக்கூடியதாக இருந்தது. எத்தனை ஷெல்லுக்குத் தப்பிய கடதாசி அது.

அதை எரித்தவன் நான்.

வீடு கட்டி, கரண்ட் வந்து, கையில் போனும் வந்த பிறகு, பழைய இசைத்தட்டுச் சேர்ப்பவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் கனடாவில். நான் படம் போட்டால் இதயமும் கும்பிட்ட கையுமாக வரும். "அண்ணை நீங்கள் ஒரு பொக்கிஷம்" என்று எழுதுவார்கள். பம்ப் திருத்தினால் யாரும் பொக்கிஷம் என்று சொல்வதில்லை. அந்தக் குழுவில் ஒருவர் என்னோடு நன்றாக ஒட்டினார். கனடாக்காரர் என்றே சொல்கிறேன். அவர் எனக்குப் புது ஊசியும் ஒரு கட்டு வெள்ளை உறைகளும் அனுப்பினார். பதிலுக்கு ஒரு தட்டை அதன் பழைய உறையோடேயே அவருக்கு அனுப்பினேன். பூஞ்சணம் பிடித்த உறைகளை வைத்திருந்தால் தட்டும் பழுதாகும், எரித்துவிடுங்கள் என்றார். நடுக் கடதாசியில் உள்ள கறையைத் துடைத்தால் தட்டு புதிது மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். அவர் கறை என்றது நானாவின் பொட்டை.

எனக்கு அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் இன்னொருவன் பொட்டு, ஒவ்வொரு உறையிலும் இன்னொருவன் பெயர். வருகிறவர்கள் கேட்பார்கள், இது யார் அண்ணை? நான் கதை மாற்றுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைகள் எல்லாவற்றையும் குசினிக்குப் பின்னால் குவித்து எரித்தேன். மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்று பார்த்தாள். "உது அந்த மனிசன்ர பேரெல்லே" என்றாள். "பூஞ்சணம்" என்றேன். பிறகு பெயின்ற் தின்னரில் பஞ்சை நனைத்துப் பொட்டுகளைத் துடைத்தேன். என்ன தவறு செய்கிறேன் என்று பத்துத் தட்டு முடிந்த பிறகுதான் கண்டேன். தின்னர் பொட்டை மட்டும் எடுக்கவில்லை. கீழே இருந்த அச்சையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு தட்டிலும் ஓட்டைக்கு வலப்பக்கம் மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. தொடங்கினதை நிற்பாட்டவும் மனமில்லை. எல்லாவற்றையும் துடைத்தேன்.

போன வருடம் ஆவணியில் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் விக்கல் பாட்டைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டது. வன்னியின் நினைவுகள் என்றோ என்னவோ தலைப்பு. நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

புரட்டாதியில் ஒரு நாள் காலை படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நான் ஒரு மோட்டரைக் கழற்றிப் போட்டபடி இருந்தேன். இறங்கினவர் தொப்பி போட்ட கிழவர். ஊன்றுதடி. நான் எழும்பவில்லை.

"மோதிரத்தைக் கழட்டிப்போட்டியோ இன்னும் போட்டிருக்கிறியோ?" என்றார் நானா.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"மகளின்ர மகள் போனில பாட்டு ஒண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கால குசினியில. மூண்டு தரம் விக்கினது. நாலாவதுக்குத் தாண்டிச்சுது. அடியே, உது என்ர தட்டடி எண்டனான். அவள் சிரிக்கிறாள். உலகத்தில எத்தினை தட்டு மூத்தவாப்பா எண்டு. இந்தக் கோட்டைக் கீறின கழுதையை எனக்குத் தெரியுமெண்டு சொன்னனான்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு ஆள் யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை. நான் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் என் மனம் எந்தெந்தத் தட்டை மிச்சம் கேட்கலாம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றை உருவினார். வெள்ளைப் புள்ளியில் பெருவிரலை வைத்தார். இன்னொன்றை உருவினார். அதிலும் வைத்தார்.

"என்னத்தால துடைச்சனீ?"

"தின்னர்."

"கியூடெக்ஸ் எடுக்கிறதுக்கு வேற சாமான் விக்கிறாங்கள் தம்பி. பொம்பிளையளிட்டக் கேட்டிருக்கலாம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்.

"தட்டு எனக்கு வேண்டாம்" என்றார் நானா. "இந்த வயசில எந்தக் கலியாணத்துக்குக் குழாய் கட்டப்போறன். உறையள் எங்க?"

அப்போதுதான் வந்த காரணத்தைச் சொன்னார். சந்தியில் அவருடைய கடைக்காணியில் இப்போது வேறொருவர் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார். நானாவின் மகன் வவுனியாவில் வாடகைக்கு ஒரு சின்னக் கடை நடத்துகிறான். அவனுக்கு அந்தத் துண்டுக் காணி வேண்டும். காணிப் பெர்மிற் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அவதியில் தொலைந்துவிட்டது. காணி அலுவலகத்திலும் பழைய கோப்புகள் சண்டையோடு போய்விட்டன. அடுத்த கிழமை விசாரணை. கடையின் பெயரும் விலாசமும் உள்ள ஏதாவது பழைய எழுத்து இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடமாக ஒரு துண்டுக் கடதாசி தேடியிருக்கிறார். ரசீது இல்லை, கடிதம் இல்லை, படம் இல்லை. அந்த நேரம்தான் பேத்தியின் போனில் தட்டு விக்கியிருக்கிறது.

"அப்பத்தான் யோசிச்சனான். தட்டு இருந்தா உறை இருக்கும். உறை இருந்தா முத்திரை இருக்கும். அல்லாஹ் எங்க கொண்டுபோய் வைச்சிருக்கிறான் பார் எண்டு மனிசிக்குச் சொன்னனான்."

"புதைச்ச இடத்தில கறையான் திண்டிட்டுது நானா" என்றேன்.

அவர் தலையாட்டினார். தேத்தண்ணியை எடுத்தார். அப்படியே போயிருப்பார்.

"ஏன் பொய் சொல்லுறியள்?" என்றாள் மனைவி. "கறையான் திண்டதோ? குசினிக்குப் பின்னால வைச்சுக் கொளுத்தினது ஆர்? நான் அப்பவே சொன்னனான், அந்த மனிசன்ர பேரெண்டு."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"கடையைப் பாத்துக்கொள் எண்டுதானே சொன்னனான்" என்றார்.

சத்தம் போட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கனடாக்காரரிடம் ஒரு உறை போனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானா இருக்கும்போதே போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ அண்ணை, அதை ஃபிரேம் போட்டுச் சுவரில மாட்டியிருக்கிறன். வாற ஆக்கள் எல்லாரும் அதுக்கு முன்னால நிண்டுதான் படம் எடுக்கிறவை. எனக்கு ஊர் எண்டு இருக்கிறது அது ஒண்டுதான்."

"அந்த ஊரில ஒரு மனிசன்ர கடை இருந்தது. அந்தாள் இப்ப எனக்கு முன்னால இருக்கிறார்."

"விளங்குது அண்ணை. நான் வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புறன்."

அனுப்பினார். கறுத்த சட்டம், பொன் நிறக் கரை. கண்ணாடிக்குள் பழுப்பு உறை, ஊதா மை. மேல் வரி தெரிந்தது, நானாவின் பெயர் தெரிந்தது. கீழ் வரி தெரியவில்லை, சட்டத்தின் கரைக்குப் பின்னால் போயிருக்கும். நானா போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "என்ர பேர் நல்ல இடத்திலதான் தொங்குது" என்றார்.

விசாரணைக்கு நானும் போனேன். அதற்கு முதல் நாள் ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எழுதப் போனோம். அவர் நல்ல மனிதர், எனக்கு உதவி செய்ய நினைத்தார். "பாதுகாப்புக் கருதி எடுத்து வைத்தேன் எண்டு போடுவம்" என்றார். வேண்டாம், களவாக எடுத்தேன் என்று போடுங்கள் என்றேன். பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவன் சொல்லுறபடி எழுதுங்கோ ஐயா" என்றார் நானா. "களவெடுக்கிறதெண்டா கடை ஒண்டு இருக்கோணும்தானே. எனக்கு அது காணும்."

அலுவலகத்தில் காணிக் கோப்பைப் பார்த்தது ஓர் இளம் பெண். மரியாதையான பிள்ளை, அதைச் சொல்ல வேண்டும். சத்தியக்கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மற்றப் பக்கத்துக் கோப்பைத் தட்டினார். தகரக் கொட்டில்காரரும் நாலு சத்தியக்கடதாசி கொடுத்திருந்தார்.

"இப்ப எழுதின கடதாசி எல்லாரிட்டயும் இருக்கு, ஐயா. அந்தக் காலத்து எழுத்து ஏதாவது காட்டுங்கோ. இந்தப் படத்தில இருக்கிறதின்ர அசல் வந்தா எனக்கும் மேல அனுப்ப ஒரு பிடி இருக்கும். விலாசம் தெரியவேணும், அதுதான் முக்கியம்."

மூன்று மாதம் தவணை தந்தார்.

நான் கனடாவுக்குத் திரும்பவும் எடுத்தேன். கெஞ்சினேன், பிறகு ஏசினேன். ஒரு கிழமை அவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு குரலில் ஒரு செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே பேசினார். உறையை அனுப்பலாம், அதற்குப் பதிலாக அந்த விக்கல் தட்டைத் தாருங்கள் என்றார். வெறும் சுவராக இருந்தால் மனம் கேட்காது என்றார். தட்டையும் கண்ணாடிக்குள் போடப் போகிறாரா என்று கேட்டேன். "போட்டுக் கேட்டா தேயுமெல்லே அண்ணை" என்றார்.

நானாவிடம் கேட்டேன். தட்டு அவருடையது, அவர்தான் சொல்ல வேண்டும்.

"குடு" என்றார். "கோடு உன்ரதானே, அதுவும் சேந்து போகட்டும்."

அனுப்ப முதல் ஒருதரம் போட்டுக் கேட்போமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குச் சோறு வாளிதான் ஞாபகம் வரும். பசிக்கும்." அவ்வளவுதான். இத்தனை வருடம் என் வீட்டில் அந்நிய ஆட்கள் அழுத பாட்டு அது. அதற்குச் சொந்தக்காரன் ஒரு துளி கண்ணீர் விடவில்லை. அவருக்கு அது கடைச் சாமான். நான் தட்டைப் பஞ்சு வைத்துப் பொதி செய்து, பதிவுத் தபாலில் போட்டேன்.

உறை தைப்பொங்கலுக்கு முதல் கிழமை வந்தது. இரண்டு தடித்த மட்டைக்கு நடுவில், பிளாஸ்ரிக் தாளில் சுற்றி, அவ்வளவு கவனமாக. நானா வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர் கையாலேயே பிரிக்கட்டும் என்று நான் தொடாமல் வைத்திருந்தேன்.

பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

கடையின் பெயர் இருந்தது. அவருடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே கடதாசி இல்லை. நேராக, அடிமட்டம் வைத்து, நல்ல கூரான கத்தியால் வெட்டியிருந்தது. சட்டத்துக்கு உறை கொஞ்சம் நீளமாக இருந்திருக்க வேண்டும். வீதியும் தண்ணீரூற்றும் கனடாவில் ஏதோ ஒரு குப்பைத் தொட்டிக்குள் எப்போதோ போய்விட்டன.

நான் போனை எடுத்துக் கத்தத் தொடங்கினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. உனக்கு மூளை இருக்கோ என்று கேட்டது ஞாபகம். ஒருத்தன்ர விலாசத்தை வெட்டுறதுக்கு நீ ஆர் என்று கேட்டதும் ஞாபகம். "வடிவுக்காகத்தான் அண்ணை வெட்டினனான், முக்கியமெண்டு எனக்குத் தெரியேல்லை" என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"போனை வை தம்பி" என்றார் நானா. "உன்னை மாதிரித்தானே அவனும்."

வைத்தேன்.

தவணைக்குப் போனோம். அந்தப் பிள்ளை உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மையைப் பார்த்தார். வெட்டின கரையை விரலால் தடவினார். "பேர் இருக்கு, இடம் இல்லையே ஐயா" என்றார். சொல்லும்போது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், குனிந்துகொண்டார். உறையை என் சத்தியக்கடதாசியோடு சேர்த்துக் கோப்பில் குத்தினார். மேலே அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் பதில் இல்லை. தகரக் கொட்டில்காரர் இப்போது நிலத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டார்.

மிச்சத் தட்டுகளை நானாவின் மகனுடைய கடைக்குக் கொண்டுபோனேன். மகன் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. அது அவனுடைய உரிமை. நானா வெளியே வந்து, வாடகை இடத்தில் வைக்க ஒரு மூலை கூட இல்லை, கடை கிடைத்தால் சொல்கிறேன், அதுவரை நீயே வைத்திரு என்றார். பெட்டியைத் திரும்பவும் மோட்டார்சைக்கிளில் கட்டினேன். அவர் கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சைச் சரி செய்தார்.

"இந்த முறையாவது பாத்துக்கொள்" என்றார்.

வெள்ளை உறைகள் எல்லாவற்றிலும் நானாவின் பெயரையும் கடையின் பெயரையும் வீதியையும் தண்ணீரூற்றையும் பேனையால் எழுதியிருக்கிறேன். இப்ப எழுதின எழுத்து. ஒரு அலுவலகத்துக்கும் உதவாது.

இந்த ஆடியிலும் ஆட்கள் வந்தார்கள். வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் ஆறு பேர், படலையில் நின்று கூப்பிட்டார்கள். அண்ணை, அந்த விக்கல் பாட்டை ஒருக்காக் கேக்கலாமோ, பிள்ளையளுக்குக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள் என்றார்கள். நான் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ்.

"அது கனடாவில" என்றேன். "கண்ணாடிக்குள்ள இருக்கு. அங்க போய்ப் பாருங்கோ. கேக்க ஏலாது."